குழாயை மூடுவது யார்?

ரூபாய் நோட்டைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டு நான் முதன்முதலாகப் பார்த்தது திண்டுக்கல்லில், சித்தி வீட்டு மொட்டைமாடியில். பத்து ரூபாய்த் தாள் ஆறு, ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப். பக்கத்திலேயே, பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய சில்லறை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது. சிரிப்பு வந்தது. கொடியிலிருந்து தாளை எடுக்க நீண்ட சித்தியின் கையைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. விரலிடுக்குகள் ஊறி வெளுத்திருந்தன. கணுக்களில் தோல் வெடித்து, வெடிப்புகளில் ரத்தம் கசிந்து கறுத்திருந்தது.

எல்லாம் தொடங்கி அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. சந்தையில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு தெருநாய் அவள் புடவையை உரசிக்கொண்டு போயிற்று. கடிக்கவில்லை, நக்கவில்லை, பல்லே படவில்லை. வீட்டுக்கு வந்து புடவையை நனைத்துப் போட்டாள். யாரும் செய்வதுதான். மறுநாள், அந்தப் புடவையோடு சேர்த்துத் துவைத்த துணிகளை எல்லாம் திரும்பத் துவைத்தாள். அப்புறம் வெங்காயம் வாங்கிய பை. பையிலிருந்த பர்ஸ். பர்ஸிலிருந்த பணம். அந்தப் பணத்தை வாங்கிப் போட்ட கல்லாவிலிருந்து கடைக்காரர் திருப்பிக் கொடுக்கும் சில்லறை. மூன்றே மாதத்தில் அந்த ஒரு நாய் ஊரிலுள்ள எல்லாப் பொருளையும் தொட்டுவிட்டது.

வெறிநோய் பயப்பட வேண்டிய நோய்தான், அதில் சந்தேகமில்லை. அதன் கிருமி, காயத்தின் வழியாகவோ வாய், கண் போன்ற இடங்களின் ஈரச் சவ்வு வழியாகவோ உடம்புக்குள் போகிறது. காயமில்லாத தோலுக்குள் அதனால் நுழைய முடியாது. சித்தி கழுவிக் கழுவி உடைத்துக்கொண்டிருந்தது அந்தக் காப்பைத்தான். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவு, உடனே தடுப்பூசிக்குப் போ என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அறிவுரைக்கு ஒரு முற்றுப்புள்ளி இருக்கிறது. பதினைந்து நிமிடம் ஆயிற்றா, முடிந்தது. சித்தியின் கழுவலுக்கு அந்தப் புள்ளி கிடைக்கவே இல்லை. கையை அலம்பி முடித்துக் குழாயைத் திருகும்போது, திருகிய இடம் சுத்தமா என்ற கேள்வி வந்துவிடும். குழாயைக் கழுவுவாள். குழாயைக் கழுவிய கையைக் கழுவுவாள்.

மனநல மருத்துவத்தில் இதற்கு ஓசிடி என்று பெயர். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். நல்ல பெயர். வேண்டாம் வேண்டாம் என்றாலும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் எண்ணம் ஒரு பக்கம். அது கிளப்பும் தவிப்பை அடக்கச் செய்தே தீர வேண்டியிருக்கும் செயல் மறுபக்கம். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, வேலையையும் உறவையும் கெடுத்தாலோ அது நோய். பெங்களூரு நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, ஆயிரம் பெரியவர்களில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு இது இருக்கிறது. ஒரு சின்ன டவுனிலேயே சில நூறு பேர். அவர்களில் பலர் கதவைச் சாத்திக்கொண்டுதான் கழுவுகிறார்கள். அலமாரியில் புத்தகத்தை ஒழுங்காக அடுக்கி வைப்பவர்கள் பெருமையாக "எனக்குக் கொஞ்சம் ஓசிடி உண்டு" என்று சொல்லிக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெடித்த கணுக்கள் நினைவுக்கு வரும். ஒழுங்கு அடுக்குகிறவருக்கு இன்பம் தருகிறது. சித்திக்கு எந்தக் கழுவலும் இன்பம் தந்ததில்லை.

அழுக்கைக் கண்டு பயம் என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் அது பெரும்பாலும் வேறொன்றாக இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1838இல் எழுதிய மனநோய் நூலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். வயது 34. அவளுக்குப் பதினெட்டு வயதில் ஒரு பயம் தொற்றியது. தன் அத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், அங்கிருந்த ஏதாவது ஒரு பொருள் தனக்குத் தெரியாமல் தன் உடையின் பையில் வந்துவிட்டதோ என்ற பயம். பிறகு, பணத்தை எண்ணும்போது மதிப்புள்ள ஏதோ ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டதோ என்ற பயம். கையைத் தேய்த்தாள், உதறினாள், கழுவினாள். இதெல்லாம் அபத்தம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அந்தப் பெண்ணின் கையில் ஒட்டியிருந்தது அழுக்கே அல்ல, அடுத்தவர் பொருளை எடுத்துவிட்டோமோ என்ற குற்ற உணர்வு. அக்காலத்துப் பிரெஞ்சு மருத்துவர்கள் இதைச் சந்தேக நோய் என்று அழைத்தார்கள். சித்தியும் தனக்கு நோய் வரும் என்று அஞ்சியதாக ஒருநாளும் சொன்னதில்லை. "என் கையிலேர்ந்து பிள்ளைங்களுக்குப் போயிருச்சுன்னா?" என்பதுதான் அவள் கேள்வி. அவள் பயத்துக்குள் இருந்தது பிள்ளைகள் மேலிருந்த பாசம். அதனால்தான் பிரசவமான புதிதில், கைக்குழந்தையைத் தொட அஞ்சும் அளவுக்கு இந்த நோய் சில தாய்மார்களைப் பிடித்துக்கொள்கிறது.

அந்தக் கேள்விக்கு நாங்கள் எல்லோரும் பதில் சொன்னோம். ஒரு நாளைக்கு இருபது தரம், முப்பது தரம். "ஒண்ணும் ஆகாது சித்தி." அவள் முகம் தெளியும். அரை மணி நேரத்தில் திரும்ப வருவாள். "நிச்சயமா ஆகாதுல்ல?" பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கொல்லைப்புறமாக வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். நுழைந்தார்கள். சித்தப்பா செருப்பைத் தெருவிலேயே விட வேண்டும். விட்டார். விடுமுறைக்குப் போன நான் என் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு அவள் எடுத்துத் தந்த சட்டையைப் போட்டுக்கொண்டேன். பாவம், அவள் மனசு நோகக் கூடாது என்று செய்ததுதான் எல்லாம். அந்த நோயை நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து சோறு போட்டு வளர்த்துக்கொண்டிருந்தோம் என்பது பல வருடம் கழித்து, இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. "ஒண்ணும் ஆகாது" என்ற ஆறுதலும் ஒரு கழுவல்தான். சோப்பு இல்லாத கழுவல்.

சித்தப்பாவின் பொறுமை ஒரு நாள் இரவு அறுந்தது. மாடித் தொட்டியிலிருந்து கீழே வரும் வால்வை இறுக்கி மூடிவிட்டு வந்து, "இனிமே ஒரு சொட்டு வராது. என்ன செய்றேன்னு பாப்போம்" என்றார். சித்தி அடுப்படிக்குப் போய், பத்து நாளைக்கென்று பிடித்து வைத்திருந்த குடிதண்ணீர்க் குடங்களைச் சாய்த்துக் கழுவினாள். குடம் தீர்ந்த பிறகு முற்றத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு, விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். காலையில் சித்தப்பா போய் வால்வைத் திறந்தார். அன்று சோப்பு மூன்று கட்டியாயிற்று.

இதே காரியத்தை, குழாயை மூடுவதை, 1966இல் லண்டனில் ஒருவர் சிகிச்சையாகப் பதிவுசெய்தார். மிடில்செக்ஸ் மருத்துவமனை உளவியலாளர் விக்டர் மேயர். அதுவரை கட்டாயக் கழுவலுக்கு உருப்படியான வைத்தியம் எதுவும் இல்லை. வருடக்கணக்கில் உளப்பகுப்பாய்வு, மின்னதிர்ச்சி, முடியாதபோது மூளையில் அறுவை. இதில் பெரும்பாலோர் தேறவில்லை. மேயரிடம் வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. நாள் முழுக்கக் கழுவலும் துடைத்தலும். அவரை மருத்துவமனையில் சேர்த்து, அறையிலிருந்த குழாயில் தண்ணீரை நிறுத்தினார்கள். சோப்பும் அளவோடுதான் கிடைத்தது. அவர் தொட அஞ்சிய பொருள்களைத் தொடவைத்தார்கள். கழுவத் தோன்றும்போதெல்லாம் ஒரு செவிலியர் பக்கத்திலேயே இருந்து, பேச்சுக் கொடுத்து, அந்தத் தவிப்பைக் கடக்க உதவினார். ஆசிரியை தேறினார். மேயரும் அவருடைய சகாக்களும் பின்னர் 15 பேருக்கு இதே முறையில் சிகிச்சை தந்ததில் 10 பேர் நன்றாகக் குணமடைந்தார்கள். யாரும் தொட அஞ்சிய நோய்க்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை.

லண்டனில் மூடியதும் குழாய்தான், திண்டுக்கல்லில் மூடியதும் குழாய்தான். ஆசிரியை ஒப்புக்கொண்ட பிறகே அங்கே தண்ணீர் நின்றது. எதற்காக நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். தவித்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இருந்தது. சித்தியின் முற்றத்தில் அந்த இரவு யாரும் இல்லை. கோபத்தில் குழாயை மூடினால், நோய்க்காரர் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த வீட்டில் என்னைப் புரிந்தவர் யாருமில்லை.

சரி, கழுவாமல் விட்டால் என்ன ஆகும்? சித்தியைக் கேட்டால், அந்தத் தவிப்பு ஏறிக்கொண்டே போய் நெஞ்சு வெடித்துவிடும் என்பாள். நோயுள்ள பலரும் இதை உறுதியாக நம்புகிறார்கள். இதைக் கடிகாரம் வைத்துச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர், இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய பத்மல் டி சில்வா. அவரும் ஸ்டான்லி ராக்மனும் இன்னொரு சகாவும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இது. நோயாளியை அவர் அஞ்சும் பொருளைத் தொடச் சொல்லிவிட்டு, கழுவாமல் உட்கார வைத்தார்கள். கழுவும் உந்துதல் எவ்வளவு, கலக்கம் எவ்வளவு என்று விட்டு விட்டுக் கேட்டுக் குறித்தார்கள். தொட்டதும் இரண்டும் சட்டென்று உச்சிக்கு ஏறின. அதன் பிறகு ஏறவில்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கணிசமாக இறங்கி, அடுத்தடுத்த மணி நேரங்களில் மேலும் அடங்கின. யாரும் ஆறுதல் சொல்லாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், தானாக அடங்கின.

கழுவுகிறவருக்கு இந்த இறக்கத்தைப் பார்க்க வாய்ப்பே கிடைப்பதில்லை. அலை உச்சியில் இருக்கும்போதே குழாயடிக்கு ஓடிவிடுகிறார். கழுவியதும் சட்டென்று நிம்மதி. மூளை அதைக் கணக்கில் எழுதிக்கொள்கிறது: கழுவினாய், பிழைத்தாய். அடுத்த முறை பயம் இன்னும் பலமாக வருகிறது.

டி சில்வாவும் ராக்மனும் 1978இல் இன்னொரு கேள்வி கேட்டார்கள். இந்த எண்ணங்கள் நோயாளிகளுக்கு மட்டும்தான் வருகின்றனவா? எந்த நோயும் இல்லாதவர்களைக் கேட்டதில், ஐந்தில் நான்கு பேர் தங்களுக்கும் இப்படி அழையாமல் நுழையும் அருவருப்பான, பயங்கரமான எண்ணங்கள் வருவதுண்டு என்றார்கள். பஸ் கம்பியைப் பிடித்ததும் "இதை யார் யார் தொட்டாங்களோ" என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றத்தான் செய்கிறது. நமக்கு அது வந்த வழியே போய்விடுகிறது. சித்திக்குப் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு மூளையில் பாதி விடை இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு மேலே உள்ள புறணி "ஏதோ தப்பு" என்று மணி அடிக்கும். அந்த மணி மூளையின் ஆழத்திலுள்ள காடேட் என்ற பகுதிக்கும் அங்கிருந்து தலாமஸுக்கும் போய், மறுபடி புறணிக்கே திரும்புகிறது. சரிபார்த்தாயிற்று என்றால் மணி நிற்க வேண்டும். இந்த நோயில் அந்தச் சுற்று ஓயாமல் ஓடுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு ஃப்ளுவாக்ஸிடின் மாத்திரையும் சிலருக்கு நடத்தைச் சிகிச்சையும் கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்தார்கள். இரண்டு வழியிலும் தேறியவர்களுக்கு, வலப்பக்கக் காடேட்டின் பரபரப்பு ஒரே மாதிரி தணிந்திருந்தது. கழுவாமல் உட்கார்ந்திருந்ததும் மாத்திரை தொட்ட அதே இடத்தைத் தொட்டிருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

சித்திக்கு இருப்பது நோய் என்று கண்டுகொள்ளவே எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. காரணம், சுத்தம் நம் வீடுகளில் ஒரு பெருமை. "அவ சுத்தக்காரி, அவ கை பட்டா கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று உறவுக்காரர்கள் சொல்லிச் சொல்லியே ஆரம்பத்தைத் தவறவிட்டோம். வங்காளத்தில் ஓயாமல் கழுவிக்கொண்டிருக்கும் பெண்களுக்குச் சுசிபாய் என்று ஒரு தனிச்சொல்லே இருக்கிறது. சொல் இருந்தால் வைத்தியம் இருக்கிறது என்று ஆகிவிடாது. பெயரிட்டு ஓரமாக உட்காரவைப்பதும் நடக்கும். சில வீடுகளில் மடி, ஆசாரம் என்ற பழக்கத்துக்குள் இந்த நோய் ஒளிந்துகொள்கிறது. பிரித்தறிய ஒரு வழி உண்டு. வழக்கத்துக்கு எல்லை உண்டு. ஒருமுறை குளித்தால் மடி, முடிந்தது. பத்தாவது முறையும் தலைக்கு ஊற்றிவிட்டு, எண்ணிக்கை தப்பிவிட்டது என்று முதலிலிருந்து தொடங்கினால் அது வழக்கமல்ல. இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மனிதர் தொட்டால் தீட்டு என்று ஒதுக்குவதை இந்த நோயோடு சேர்த்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. தீண்டாமை குற்றம், அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு ஒழித்தது. எண்ணச் சுழற்சி உள்ளவர் தன் எண்ணத்தால் தானே வதைபடுகிறவர்.

கடைசியில் கண்டுபிடித்தது மனநல மருத்துவர் அல்ல, ஒரு தோல் டாக்டர். களிம்புக்காகப் போனபோது, கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா கழுவுறீங்க?" அதுவரை எவரும் கேட்காத கேள்வி. சித்தி பதில் சொல்லவில்லை, அழுதாள். இந்த நோய்க்காரர்கள் பலர் முதலில் போய் நிற்பது தோல் மருத்துவரிடம்தான். அந்த ஒரு கேள்வியைக் கேட்கிற டாக்டர் பல வருடங்களை மிச்சப்படுத்திவிடுவார்.

அவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு மதுரைக்குப் போனார்கள். மனநல மருத்துவர் மாத்திரை தொடங்கினார். செரடோனின் மேல் வேலை செய்யும் மருந்துகள் இவை. க்ளோமிப்ரமின் என்ற பழைய மருந்துக்கு அமெரிக்கா 1989இல் இந்நோய்க்கென்றே அனுமதி கொடுத்தது. இப்போது ஃப்ளுவாக்ஸிடின், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸமின் போன்றவற்றைத்தான் முதலில் தருகிறார்கள். மனச்சோர்வுக்குத் தருவதைவிட அளவு கூடுதலாகத் தேவைப்படும். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம். மூன்றாவது வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துபவர்கள் நிறைய. சித்தியும் நிறுத்தப் பார்த்தாள். சித்தப்பா விடவில்லை. தேறிய பிறகும் குறைந்தது ஒன்றிரண்டு வருடம் மருந்தைத் தொடர வேண்டும். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான்.

மாத்திரையோடு கூட, அங்கே ஒரு உளவியலாளர் இருந்தார். சித்தியைவிட இளையவர். முதல் இரண்டு அமர்வுகள் வெறும் பேச்சு. எதைத் தொட எவ்வளவு பயம் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் எழுதவைத்தார். பால் பாக்கெட் 30. வாசல் கேட் 45. கடையில் வாங்கிய சில்லறை 60. நாய் படுத்திருந்த படி 95. மூன்றாம் அமர்வில் முப்பதிலிருந்து தொடங்கினார்கள். நோட்டு வந்தது ஐந்தாவது அமர்வில். மேஜைமேல் ஒரு கசங்கிய பத்து ரூபாய்த் தாள். உளவியலாளர் முதலில் தன் உள்ளங்கை இரண்டையும் அதன்மேல் அழுத்தித் தேய்த்து, முகத்தில் தடவிக்கொண்டார். பிறகு, "நீங்க எப்போ தயாரோ அப்போம்மா" என்றார். சித்தி தொட இருபது நிமிடம் ஆனது. ஒரு விரல், பிறகு கை. கை நடுங்கியதைக் கூட இருந்த சித்தப்பா பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்லல்ல மேடம்?" என்று அவள் கேட்டாள். உளவியலாளர் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியாமலே கொஞ்ச நேரம் உக்காந்திருப்போமா?"

அந்த வாக்கியத்தில்தான் சிகிச்சை இருக்கிறது என்று நினைக்கிறேன். நாங்கள் இரண்டு வருடம் அவளுக்கு உத்தரவாதம் கொடுத்துக் கொடுத்துத் தோற்றோம். உத்தரவாதம் இல்லாமல் உட்கார அவர் பழக்கினார்.

வீட்டுக்கும் வேலை இருந்தது. ஆறுதல் கேட்டால் ஒரேயடியாக மறுத்து விரட்டக் கூடாது. "இது நோய் கேக்குற கேள்வி, இதுக்கு நான் பதில் சொல்லமாட்டேன்னு நாம பேசி வச்சிருக்கோம்ல" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். பிள்ளைகளின் கொல்லைப்புறக் குளியல் வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைந்தது. எதைக் குறைப்பது, எப்போது குறைப்பது என்பதைச் சித்தியே தேதி போட்டு முடிவு செய்தாள். வால்வை அவளே மூடினாள், காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. எல்லா வாரமும் ஏறுமுகமாக இல்லை. மாமனார் இறந்த மாதம் எல்லாம் பழையபடி ஆயிற்று. மறுபடி முப்பதிலிருந்து தொடங்கினார்கள்.

இன்றைக்கு ஒருவர் வீட்டில் இப்படி இருந்தால் எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. நிம்ஹான்ஸில் இந்நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. வெளியே போகவே பயமென்றால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் தர வேண்டும். டாக்டரிடம் போகும்போது, ஒரு நாளில் எத்தனை முறை, எத்தனை மணி நேரம், எதைத் தவிர்க்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் நல்லது. வெட்கத்தில் வாய் மூடிக்கொள்ளும்போது அந்தத் தாள் பேசும். மாத்திரை மட்டும் கிடைத்தால், எதிர்கொண்டு கழுவாமலிருக்கும் பயிற்சி தருபவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்கலாம், தப்பில்லை.

போன தை மாதம் திண்டுக்கல் போயிருந்தபோது சித்தி ஒரு பழைய தினசரிக் காலண்டர் தாள் கட்டை எடுத்துக் காட்டினாள். பின்பக்கமெல்லாம் அவள் கையெழுத்து. தேதி, தொட்ட பொருள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போட்ட மதிப்பெண். ஒரு தாளில் "வாசப்படி, நாய் படுத்தது" என்று எழுதி, கீழே 95, 95, 90, 80, 80, 65, 50 என்று இறங்கிக்கொண்டே வந்தது. அதற்குக் கீழே நேரம் மட்டும் இருந்தது, எண் இல்லை.

"இதுல ஏன் போடல?" என்று கேட்டேன்.

சித்தி தாளை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். "அன்னிக்கா? இட்லிக்கு அரிசி ஊறிக்கிட்டு இருந்துச்சுடா. மாவாட்டப் போயிட்டேன். மறந்துட்டேன்."